மண்ணைச் சுமந்து செல்லும் மழை

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவ மழை தொடங்கியதும் பதுளு ஓயாவின் நிறம் மாறிவிடுகின்றது. ஆடி ஆவணியில் கற்களின் மேல் தெளிந்தோடிய நீர், இரண்டொரு நாள் மழைக்குள் பால் விட்ட தேநீரைப் போலாகித் துன்ஹிந்த அருவியில் விழுகின்றது. உல்லாசப் பிரயாணிகள் அதனைக் கண்டு வியந்து படமெடுத்துச் செல்கின்றனர். அந்நிறம் எங்கிருந்து வந்ததென்று அறிந்தவர்க்கோ அது மகிழ்ச்சி தரும் காட்சியன்று. தேயிலை மலைகளின் மேல்மண்ணே அவ்வாறு கரைந்து மகாவலியை நோக்கிச் செல்கின்றது.

எம் தந்தையார் ஊவாத் தோட்டமொன்றில் கான் வெட்டும் வேலை செய்தவர். மழைநீரை மெல்ல வழிநடத்துவதற்கெனத் தேயிலைச் செடிகளுக்கிடையே, சரிவுக்குக் குறுக்காக வெட்டப்படும் கால்வாய்க்கே தோட்டங்களில் கான் என்று பெயர். "நேரே கீழ்நோக்கி வெட்டினால் வேலை சீக்கிரம் முடியுமே, அப்பா?" என்று சிறுபிராயத்தில் ஒருநாள் நாம் கேட்டோம். அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று, "தண்ணிக்கு எப்பவும் அவசரம் தம்பி. அவசரமாப் போறவன் கையில அகப்பட்டதையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிருவான்" என்றார்.

பள்ளியில் காலடி வையாத தந்தையாரின் அச்சொல்லின் பொருள், பிற்காலத்தில் நாம் புவியியல் நூல்களைப் படித்தபோதே முழுமையாக விளங்கிற்று. பெரிய மழைத்துளியொன்று விநாடிக்கு ஏறக்குறைய 9 மீற்றர் வேகத்தில் நிலத்தைத் தாக்குகின்றது. நிலம் வெறுமையாயிருப்பின், அவ்வடியால் மண்கட்டிகள் உடைந்து பொடியாகி, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. உள்ளே இறங்க வழியில்லாத நீர், முதலில் மெல்லிய படலமாகப் பரவி, பின்னர் நூலிழை போன்ற ஓடைகளாகக் கூடி, இறுதியில் ஆளிறங்கும் பள்ளங்களைத் தோண்டுகின்றது. நீரின் வேகம் இரட்டித்தால் அதன் சக்தி நான்கு மடங்காகும். ஆதலால் வேகத்தைக் குறைப்பதே மண்ணைக் காக்கும் வழிகளுக்கெல்லாம் அடிப்படையாகும்.

பள்ளம் விழுந்தால் யாவரும் காண்பர். படலமாகச் செல்லும் மண்ணையோ எவரும் காண்பதில்லை. ஒரு ஹெக்டேயர் நிலத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் மண் அகன்றால், போனது பத்துக் கனமீற்றர் மண்! அவ்வளவு மண் மீண்டும் உருவாவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். தேயிலைச் செடியின் வேர் வெளியே தெரியும் நாளிலேயே நாம் இழப்பை உணர்கின்றோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காக இம்மலைகளின் காடுகள் அழிக்கப்பட்டன. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியபின் தேயிலை பரவிற்று. ஒரு புல்லும் இல்லாதபடி சுரண்டியால் நிலத்தைச் சுரண்டுவதே நல்ல விவசாயமென்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. மண் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் 1951 இலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டதெனினும், வெலிமடைப் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களின் மண் இன்றும் உமா ஓயா வழியாகச் சென்று ரந்தம்பை நீர்த்தேக்கத்திற் படிகின்றது.

தடுக்கும் வழிகள் புதியன அல்ல. தேயிலைச் செடிகளுக்கிடையே வெற்றிடம் விடாது நிரப்புதல், கவ்வாத்து வெட்டிய கிளைகளையும் இலைகளையும் நிலத்திலேயே பரப்பிவிடுதல், சரிவுக்குக் குறுக்கே கற்கட்டு அமைத்தல், வெட்டிவேரையும் கிளிரிசிடியாவையும் வரிசையாக நடுதல், பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மறுநடுகைக்கு முன் மானாப் புல்லை வளர்த்தல் என்பன அவற்றுட் சில. ஊவாவின் பள்ளத்தாக்குகளிற் படிப்படியாக வயல் அமைத்த முன்னோர், நீரைப் படிகளில் நிறுத்தி இறக்கும் கலையை நன்கறிந்திருந்தனர்.

எனினும் வெட்டிய கானில் மண் நிறைந்தால் அது கானாகாது. தந்தையார் வேலை செய்த தோட்டத்தில், செலவைக் குறைக்கும் பொருட்டுக் கான் துப்புரவு செய்யும் வேலை ஆண்டுக்காண்டு குறைக்கப்பட்டது. நிரம்பி வழிந்த கான்களே புதிய பள்ளங்களுக்கு வாயிலாயின. மண் போயிற்று, கொழுந்தும் குறைந்தது. நிறை காணாத நாட்களில் எம் தாயாருக்கு அரைப்பேரே விழுந்தது. மண்ணரிப்பு என்பது எம் வீட்டில் அடுப்படி வரை வந்த விடயமாகும்.

அது உண்மையாகவே அடுப்படிக்கு வந்த கதையும் ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு வீட்டை அழகுபடுத்தும் ஆவலில், பின்புறச் சரிவிலிருந்த புல்லையெல்லாம் வேரோடு செதுக்கினோம். "மொத்தமா எடுக்காதப்பா, அதுதான் மண்ணப் பிடிச்சிருக்கு" என்று தாயார் தடுத்தார். நாம் கேட்கவில்லை. பண்டிகைக்கு மறுநாளிரவு பெய்த மழையில் சரிவின் ஒரு பகுதி வழுக்கிவந்து சமையலறைக் கதவைத் தள்ளிற்று. அதற்கடுத்த அறையில் உறங்கியவர் எம் தாயார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் மாணவர்க்கு மண்ணரிப்பைக் கற்பித்த நாம், முழங்காலளவு சேற்றில் நின்று வெட்கினோம்.

எல்லோர்க்கும் அந்த நல்வாய்ப்புக் கிட்டுவதில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மக்களோடு மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன.

இங்கே ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். மண்ணரிப்பு நிலத்தின் மேலே ஓடும் நீரால் நிகழ்வது. மண்சரிவோ மலையின் உள்ளே இறங்கித் தேங்கிய நீரால் நிகழ்வது. ஆகவே மேல்மண்ணைக் காப்பதற்கு நீரை உட்புகச் செய்யும் குழிகள், வெடிப்புக் கண்ட சரிவில் ஆபத்தாக முடியலாம். அத்தகைய இடத்தில் நீரைத் தேங்கவிடாது பாதுகாப்பாக வெளியேற்றல் வேண்டும். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனத் தோன்றும் கலங்கல் ஊற்று ஆகியவற்றைக் கண்டால், கானையும் கற்கட்டையும் நம்பியிராது உடனே வெளியேறுவதே அறிவுடைமை. ஆனால் வெளியேறுவோர் எங்கே செல்வது? லயம் அமைந்த இடத்தை அங்கு வாழ்வோர் தேர்ந்தெடுக்கவில்லை. பாதுகாப்பான காணித்துண்டு ஒன்று அவர்களுக்குச் சொந்தமாகும்வரை எச்சரிக்கை பாதிப் பயனையே தரும்.

சென்ற மழைக்காலத்தில் வகுப்பிலே, பதுளு ஓயாவின் நீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் நிரப்பி வைத்தோம். மறுநாள் நீர் தெளிந்து, அடியில் செம்மண் இரண்டு விரற்கடை படிந்திருந்தது. தோட்டத்திலிருந்து வரும் மாணவனொருவன் அதனை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சேர், இதுல எங்க மலையும் இருக்குமா?" என்று கேட்டான். இருக்கும் என்றோம்.

வரும் தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும் அன்பர்கள், சரிவிலுள்ள புல்லைக் கத்தரிப்பதோடு நிறுத்தி வேரை விட்டுவைப்பார்களாக. அடைபட்ட கானையும் மழைக்கு முன்பே தூர்வாரிவிடுவார்களாக. எம் வீட்டுச் சரிவில் இப்போது வெட்டிவேர் இடுப்பளவு வளர்ந்து நிற்கின்றது. அதனை நடும்போது வரிசையைச் சரிபார்த்தவர் எம் தாயாரே.