பிழையை ஒப்புக்கொள்ளும் சொற்கள்: பெர்லினில் ஒரு நடை



ஜெர்மன் நாட்டின் தலைநகராகிய பெர்லினில் இரயில் நிலையம் ஒன்றில் நீங்கள் நிற்பதாகக் கொள்வோம். வண்டி தாமதமாகிறது. ஒலிபெருக்கி எத்தனை நிமிடத் தாமதம் என்று அறிவிக்கிறது. இறுதியில், "வீர் பிட்டென் உம் என்ட்ஷுல்டிகுங்" என்று முடிக்கிறது. மன்னிப்பை வேண்டுகிறோம் என்பது இதன் பொருள். அந்நாட்டில் நாள்தோறும் காதில் விழும் எளிய வாசகந்தான் இது. ஆயினும் ஒரு சமுதாயம் தன் பிழையை எவ்வாறு ஒப்புக்கொள்கிறது என்பதை அறிய விரும்புவோர் இச்சொல்லின் வாயிலிலேதான் நுழைய வேண்டும்.

'ஷுல்ட்' என்னும் ஜெர்மன் சொல் குற்றத்தைக் குறிக்கும். அதுவே பன்மையில் 'ஷுல்டன்' என்று ஆகும்போது கடன்களைக் குறிக்கும். குற்றமும் கடனும் அம்மொழியில் ஒரே வேரில் கிளைத்தவை. 'என்ட்' என்னும் முன்னொட்டு, நீக்குதலை உணர்த்துவது. ஆகவே 'என்ட்ஷுல்டிகுங்' என்பது குற்றத்தினின்றும் விடுவித்தல் எனப் பொருள்படும். விடுவிக்க வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவரே அல்லவா? 'இஷ் என்ட்ஷுல்டிகெ மிஷ்' என்று பேச்சில் பலரும் கூறுவர். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'என்னை நானே விடுவித்துக் கொள்கிறேன்' என்று ஆகிறது! இவ்வழக்கை அகராதிகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. எனினும் மொழிப்பற்று மிக்கோர் இன்றும் இதனைக் குறை கூறுவதுண்டு. கடன்பட்டவன் தன் கடனைத் தானே தள்ளுபடி செய்யலாகாது. கேட்கத்தான் முடியும் என்பது அவர்தம் வாதம். எனவே முறையான எழுத்தில் 'வேண்டுகிறேன்' என்ற சொல்லைச் சேர்த்து எழுதுவதே சிறப்பெனக் கருதப்படுகிறது.

பிள்ளை பள்ளிக்குச் செல்லாத நாளுக்குப் பெற்றோர் எழுதித்தரும் கடிதத்திற்கும் அங்கே 'என்ட்ஷுல்டிகுங்' என்றே பெயர். வராமையைக் குறிக்கும் 'ஃபேலென்' என்ற சொல்லும், பிழையைக் குறிக்கும் 'ஃபேலர்' என்ற சொல்லும் உறவுடையவை. இருக்க வேண்டிய ஒன்று இல்லாமற் போவதே பிழை என்ற எண்ணம் அச்சொற்களில் உறைந்து கிடக்கிறது.

இனி, அலுவலகக் கடிதங்களுக்கு வருவோம். "உன்ஸ் இஸ்ட் ஐன் ஃபேலர் உன்டர்லாஃபென்" என்பது அவற்றில் அடிக்கடி காணப்படும் வாசகம். 'எங்களுக்கு ஒரு பிழை நேர்ந்துவிட்டது' என்று இதனைத் தமிழில் கூறலாம். பணிவான வாசகந்தான். ஆனால் கூர்ந்து நோக்குங்கள்: இங்கே எழுவாயாக நிற்பது பிழை; செய்தவர் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார். 'பெடாவர்ன்' எனப்படும் 'வருந்துகிறோம்' என்ற சொல்லும் அத்தகையதே. மழை பெய்ததற்கும் வருந்தலாம். பிறர் செய்த பிழைக்கும் வருந்தலாம். வருத்தம் தெரிவிப்பவர் தம்மைக் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது.

இதற்கு நேர்மாறான பேச்சை 2021-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று பெர்லின் கேட்டது. கொரோனாத் தொற்றைத் தடுக்க, ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி நாட்டையே முடக்கும் திட்டம் ஒன்று நள்ளிரவுக் கூட்டத்தில் முடிவாகியிருந்தது. அது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று தெரிந்ததும், அன்றைய பிரதமர் அங்கேலா மெர்க்கெல் அதனைக் கைவிட்டார். மாநில முதல்வர்களும் கூடி எடுத்த முடிவாயினும், இப்பிழை முற்றிலும் தம்முடையதே என்று அறிவித்து, மக்கள் அனைவரிடமும் 'ஃபெர்ட்சையுங்' வேண்டினார். அவருடைய பேச்சில் பிழை தானாக 'நேர்ந்து'விடவில்லை. அதற்கு ஓர் உரிமையாளர் இருந்தார்.

'ஃபெர்ட்சையுங்' என்பது முன்னதினும் கனமான சொல். தனக்குரிய உரிமையை விட்டுக்கொடுத்தல் என்பது அதன் பழம்பொருள். அநீதிக்கு உள்ளானவர் தமக்குரிய வழக்கைத் தாமே விட்டுக்கொடுப்பதுதான் அதனால் வேண்டப்படுகிறது.

இச்சொல் நம் போன்ற குடும்பங்களைத் தொடும் இடம் ஒன்று அந்நகரில் உண்டு. ஷ்டட்மிட்டெ சுரங்க இரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் ஜென்டார்மென்மார்க்ட் என்னும் அழகிய சதுக்கத்தை அடைவீர்கள். இருபுறமும் குவிமாடங்களுடன் இரண்டு தேவாலயங்கள். நடுவே 1821-இல் திறக்கப்பெற்ற இசையரங்கம். 2000-க்கும் 2007-க்கும் இடையே ஜெர்மனியின் பல நகரங்களில் பத்துப்பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். எண்மர் துருக்கிய வம்சாவளியினர், ஒருவர் கிரேக்கர், ஒருவர் பெண் காவலர். துருக்கியரும் கிரேக்கரும் பூ விற்றும், துணி தைத்தும், சிறுகடை நடத்தியும் பிழைத்தவர்கள். காவல்துறையோ கொலையாளியைத் துருக்கியக் குடும்பங்களுக்குள்ளேயே தேடியது. போதைப்பொருள் வணிகமா, குடும்பப் பகையா என்று கணவனை இழந்தவர்களையும் தந்தையை இழந்த பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்கில் துருவியது. பத்திரிகைகள் இறைச்சி உணவின் பெயரைச் சூட்டி, 'டோனர் கொலைகள்' என்று எழுதின. புது நாஜிக் கும்பல் ஒன்றே இக்கொலைகளைச் செய்தது என்பது 2011 நவம்பரில்தான் வெளிப்பட்டது. 'டோனர் கொலைகள்' என்ற அந்தச் சொல், அவ்வாண்டின் இழிசொல்லாக மொழியறிஞர் குழுவினரால் அறிவிக்கப்பட்டது.

2012 பிப்ரவரி 23 அன்று இந்த இசையரங்கில் நினைவுக்கூட்டம் நடந்தது. உறவினர் சிலர் ஆண்டுக்கணக்கில் அநியாயமாகச் சந்தேகிக்கப்பட்டதைக் குறிப்பிட்டு, அவர்களை நேரே நோக்கி மெர்க்கெல் வேண்டியதும் 'ஃபெர்ட்சையுங்' என்பதையே. கொல்லப்பட்ட முதல்வரின் மகளும் அதே மேடையில் பேசினார். பதினொரு ஆண்டுகளாகத் தாங்கள் மாசற்ற மனத்தோடு பாதிக்கப்பட்டவர்களாக இருக்கக்கூட விடப்படவில்லை என்று அவர் கூறியபோது, அந்தக் கடனின் அளவு நாட்டிற்கே விளங்கியிருக்கும்.

கடன் தீர்ந்ததா? 2018 ஜூலை 11 அன்று மியூனிக் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கும்பலுக்கு உதவியவர்கள் யார், அரசின் உளவுத்துறை அறிந்திருந்தது என்ன என்ற வினாக்களுக்கு முழு விடை கிடைக்கவில்லை என்று பல குடும்பங்கள் மனங்குமுறின. உண்மையைச் சொல்வதும் அந்தக் கடனில் ஒரு பகுதியல்லவா?

நகரின் தென்பகுதியில், கொலும்பியாடம் என்னும் சாலைக்கும் செல்லுங்கள். மினாராக்கள் உயர்ந்து நிற்கும் ஷெஹித்லிக் பள்ளிவாசலும், 1866 முதல் முஸ்லிம்கள் அடக்கம் செய்யப்பட்ட துருக்கியக் கபரஸ்தானும் அங்கே உள்ளன. அருகிலுள்ள பழைய இராணுவக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பாறாங்கல்லைக் காண்பீர்கள். இன்றைய நமீபியாவில் ஹெரேரோ, நாமா மக்கள் 1904 முதல் 1908 வரை கொன்றழிக்கப்பட்டனர். அந்தப் போரில் மடிந்த ஜெர்மானிய வீரர் எழுவரின் புகழ் பாடும் கல் அது. கொல்லப்பட்ட ஆப்பிரிக்கரை நினைவுகூரும் பலகை 2009-இல்தான் அதன் முன்னே பதிக்கப்பட்டது. அப்பலகையிலும் 'இனப்படுகொலை' என்ற சொல் இல்லை.

2004-இல் ஜெர்மன் அமைச்சர் ஒருவர் நமீபிய மண்ணில் நின்று 'ஃபெர்கேபுங்' வேண்டினார். வழிபாட்டில் ஒலிக்கும் சொல் அது. 'கொடுத்தல்' என்பது அதன் வேர். 2021-இல் அரசு 'இனப்படுகொலை' என்றே ஒப்புக்கொண்டு, 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ வழங்க முன்வந்தது. எனினும் 'இழப்பீடு' என்ற சட்டச் சொல்லைக் கவனமாகத் தவிர்த்தது. தங்களை நேரே அழைத்துப் பேசாத உடன்பாட்டை ஏற்க மாட்டோம் என்று அம்மக்களின் தலைவர்கள் பலர் மறுத்துவிட்டனர். யூதர்களுக்கு இழைத்த கொடுமைக்காக 1952-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் வழங்க ஒப்பிய நாடு, இங்கே சொல்லை அளந்து பேசியது ஏன் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

வாசகப் பெருமக்களே! நயமான சொற்களுக்கு எந்த மொழியிலும் பஞ்சமில்லை. 'தவறு நடந்துவிட்டது' என்று தமிழிலும் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இனி அவ்வாறு ஒரு வாசகம் உங்கள் கைக்கு வந்தாலோ, உங்கள் வாயில் எழுந்தாலோ, அதில் தவறு செய்தவரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மன்னிக்கும் உரிமை உடையவரிடமே அது கேட்கப்பட்டதா என்றும் பாருங்கள். இரண்டும் இருந்தால், கடனைத் தீர்க்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.