வீட்டுக் கணக்கும் தறிக்குழியும்

2015 ஜூனில் 'அனைவருக்கும் வீடு' திட்டம் வந்தது. ஒவ்வொரு நகரமும் தனக்கு எத்தனை வீடு தேவை என்று கணக்கெடுத்துச் செயல் திட்டம் எழுத வேண்டும் என்றார்கள். நகராட்சிகளில் ஆள் ஏது? நகரமைப்புப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்திலேயே பாதி நாற்காலி காலிதான். பல ஊர்களில் ஆலோசனை நிறுவனங்களை அமர்த்தினார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். வெளியாளைக் கூப்பிட்டு ஊரைக் காட்டுவது நமக்கு நூறு வருஷப் பழக்கம்.

1914-ல் சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு அழைத்து, ஸ்காட்லாந்துக்காரர் பாட்ரிக் கெடிஸ் வந்தார். தாவரவியல் பேராசிரியர். மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதினார். மதுரையும் தஞ்சாவூரும் அதில் உண்டு. தஞ்சாவூரில் நெரிசலைக் குறைக்க வீடுகளை இடித்து நேர்த்தெரு போட 30,000 ரூபாய் மதிப்பீடு இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். பாழடைந்த வீடு எது, காலி மனை எது என்று பார்த்து, அவற்றை மட்டும் எடுத்தால் காற்றும் வெளிச்சமும் வந்துவிடும் என்றார். அவர் சொன்ன செலவு 5,000. குடியிருப்பவர்களைக் கிளப்பாமலே வழி இருந்தது. வரைபடத்தில் மட்டும் அது தெரியவில்லை.

நம் இரண்டு ஊரையே பாருங்கள். பஸ்ஸில் அரை மணி நேரம்தான், ஆனால் வீட்டுப் பிரச்சினை வேறு வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் ஊர். கோயில் மனையில் அடிமனை வாடகை கட்டி இருப்பவர்களுக்கு வீடு உண்டு, பட்டா கிடையாது. திட்டத்தின் முதல் கட்டத்தில் மத்திய அரசின் ஒன்றரை லட்சமும் மாநிலத்தின் 60,000-மும் சேர்த்துத் தானே வீடு கட்டும் பிரிவோ சொந்த மனை உள்ளவர்களுக்கு என்று இருந்தது. ராஜபாளையத்தில் மில் வேலைக்கு வந்தவர்கள் வளவுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். வாடகை வீட்டுக்கென்று அந்தத் திட்டத்தில் தனிப் பிரிவு வந்ததே கொரோனாவுக்குப் பிறகு, 2020-ல்.

பக்கத்து ஊர் ஒன்றில் என் மதினி வீட்டுக்குக் கணக்கெடுக்க ஒரு பையன் வந்தபோது நானும் இருந்தேன். கையில் டேப்லெட். "எத்தனை ரூம்மா?" என்றான். மதினி "ரெண்டு" என்றாள். முன் அறை முழுக்கக் குழித்தறி. தரையைத் தோண்டி, அந்தக் குழிக்குள் காலை விட்டு மிதிக்கிற தறி. தறிக்கு அவன் படிவத்தில் கட்டமே இல்லை.

"அடுக்குமாடியில வீடு கொடுத்தா சம்மதமாம்மா?"

"மாடியில எங்கப்பா குழி தோண்டுவேன்?"

பையன் நல்லவன். கொஞ்ச நேரம் தறியையே பார்த்தான். பிறகு 'சம்மதம் இல்லை' என்பதைத் தொட்டுவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனான். காரணம் எழுத அதில் இடமில்லையாம். மதினிக்கு வீடு வேண்டாம் என்று அர்த்தமா அது? ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழேதான் இன்றும் நெய்கிறாள்.

திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியிருக்கிறது. மறுபடி ஆலோசகர்கள் வருவார்கள். என்னைக் கேட்டால், முதல் மாதச் சம்பளத்தை நடப்பதற்கு மட்டும் கொடுக்கலாம். கூடவே பழைய வரி வசூலர் ஒருவரையும், அந்தத் தெரு கூட்டுகிற அம்மா ஒருவரையும் அனுப்புங்கள். எந்த வளவில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று அவர்களுக்குத் தெரியும். நானும் வரத் தயார். முழங்கால் வலி இருக்கிறது, வெயில் ஏறும் முன் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட வேண்டும்.