கோட்டை வாயிலிலிருந்து நாதனார் கோயில் வரை

திருக்கோணமலைக்கு வரும் அயலூரார் கோணேசர் ஆலயத்தில் வழிபட்டு, நிலாவெளிக் கடலில் நீராடி, கன்னியாவில் இரண்டு வாளி வெந்நீர் தலையில் வார்த்துக்கொண்டால் ஊரைப் பார்த்து முடித்தாயிற்று என மகிழ்ந்து மீள்வர். அவர்களைக் குறை கூறுவானேன்? ஊரிலே பிறந்து வளர்ந்த நம்மவருள்ளும் இவற்றுக்கு அப்பால் உள்ளவற்றைக் கால்நடையாகச் சென்று கண்டோர் சிலரே. அதற்கு அவர்களும் முழுப் பொறுப்பாளரல்லர். யான் மாணாக்கனாய் இருந்த காலத்தில் நகரெல்லையைத் தாண்டுவது காவலரணுக்குக் காவலரண் அடையாள அட்டையை நீட்டுவதாகவே இருந்தது. காட்டுப் பாதைகளைப் பற்றிப் பேசுவதும் பெரியோரால் தடுக்கப்பட்டது. நாதனார் கோயில் என்பதை என் தந்தையார் வாயிலாகப் பெயரளவில் அறிந்திருந்தேனேயன்றி, அதனைக் கண்ணாற் காணும் பேறு போர் ஓய்ந்த பின்னரே எனக்குக் கிட்டிற்று.

அன்று தொட்டு, பூரணை விடுமுறைகளில் மேல்வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு லிங்கநகரிலிருந்து புறப்படுவதை வழக்கமாக்கிக் கொண்டேன். நன்னூல் கற்பிக்கும் ஆசிரியனுக்குக் காட்டில் என்ன வேலை என்று கேட்டோர் உளர். எழுத்தின் வடிவத்தைக் கரும்பலகையில் மட்டும் காட்டினால் அது நிலையாது என்பதே அவர்களுக்கு யான் கூறும் விடை.

முதல் நடை எப்போதும் கோட்டைக்கே. 1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்சுதந்தீனு த சா கோணேசர் ஆலயத்தைத் தகர்த்து, அதன் கற்களைக்கொண்டே கோட்டை எழுப்பியதை மலர் வாசிப்போர் யாவரும் அறிவர். கோட்டை பின்பு ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. 1782இல், ஓராண்டுக்குள்ளே, முதலில் ஆங்கிலேயரும் பின்னர் சுப்பிரன் என்னும் பிரெஞ்சுக் கடற்றளபதியும் அதனைக் கவர்ந்தனர். 1795இல் அது மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1803இல் யோர்க் கோமகனின் பெயரால் பிரெடரிக் கோட்டை எனப் பெயர் சூட்டினர். இத்தனை கொடிகள் ஏறி இறங்கிய வாயிலின் நிலைக்கல்லில் இன்றும் நின்று விளங்குபவை பாண்டியரின் இணைக்கயல்களும் சில தமிழெழுத்துகளுமே. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே வீரபாண்டியன் கோணமலையில் கயல் பொறித்த செய்தியைத் தமிழ்நாட்டுக் குடுமியான்மலைக் கல்வெட்டுக் கூறுகின்றது. கடலுக்கு அப்பால் ஒரு குன்றிலே சொல்லப்பட்ட செய்தியும், நம் ஊர் வாயிலிலே செதுக்கப்பட்ட மீனும் ஒன்றையொன்று நோக்குவதைப் பாடநூல் வழியாக எங்ஙனம் காட்டுவது? கோட்டையினுள்ளே படைமுகாம் இருப்பதால் வாயிலில் நெடுநேரம் நிற்றல் இயலாது. முச்சக்கர வண்டிகளும் அடியார் கூட்டமும் நம்மை நெருக்கித் தள்ளும். ஆகவே, யாம் காலை ஆறு மணிக்கே சென்றுவிடுவோம். இளவெயில் சாய்வாக விழும் வேளையிலேதான் தேய்ந்த எழுத்து நிழல் பெற்று எழும். உச்சிவெயிலில் கல் வெறுங்கல்லே.

நிலாவெளிக்கு இரண்டாம் நடை. கடற்கரைக்கன்று, கல்வெட்டுக்காக. அங்குள்ள பிள்ளையார் கோயிலில் கண்டெடுக்கப்பட்ட சோழர் காலச் சாசனமொன்று, கோணமாமலையிலுள்ள மச்சகேச்சரத்து மகாதேவர்க்கு 250 வேலி நிலம் அளிக்கப்பட்டமையைப் பதிவுசெய்கின்றது. வேலி ஒன்று ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர் எனக் கொண்டு பெருக்கிப் பார்க்குமாறு மாணவரைப் பணித்தேன். ஆயிரத்தெழுநூறு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு என விடை வந்தபொழுது, கணக்கிலே நாட்டமற்ற ஒரு பையன், “சேர், அப்ப இந்த ஊர் முழுக்கக் கோயிலுக்கோ?” என்று வியந்தான். ஒரு கல்லினால் ஒரு கோயிலின் பருமன் இவ்வாறு புலப்பட்டது.

கன்னியாவுக்குச் செல்லும் வழியோ மேற்கே அனுராதபுர வீதி. வெந்நீர்க் கிணறுகள் ஏழும் சிறுசிறு சதுரங்களாய் அமைந்து, ஒன்றன் சூடு மற்றொன்றன் சூட்டை ஒவ்வாதிருக்கும். இராவணன் தாய்க்கு நீர்க்கடன் செய்த இடம் என்பது ஐதிகம்; நம்மவர் இன்றும் இறந்தோர்க்குக் கடன் கழிக்க அங்குச் செல்வர். அதன் அருகிலுள்ள இடிபாடு பிள்ளையார் கோயிலின் அடித்தளமா, பௌத்த தாதுகோபத்தின் எச்சமா என்னும் வழக்கு 2019ஆம் ஆண்டில் நீதிமன்றம் வரை சென்றதை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு முதல், கன்னியாவைக் கடக்கும்போதெல்லாம் மாணவரின் குரல் சற்றுத் தாழ்ந்துவிடுவதை யான் கவனித்திருக்கின்றேன். அடுத்து யாம் சேரும் இடத்தை அவர்கள் எந்த மனத்துடன் அடைகின்றனர் என்பதற்காகவே இதனை எழுதலானேன்.

கன்னியாவுக்கு அப்பால் பெரியகுளத்தை அண்டி, பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காட்டினிடையே அமைந்தது நாதனார் கோயில். தமிழ் மக்கள் இட்ட பெயர் இது. வரலாற்றுப் பெயர் வெல்கம் விகாரை. ஆனி மாதமாயின் வழியெல்லாம் பாலைப்பழம் உதிர்ந்து கிடக்கும். தின்ற பிள்ளைகளின் உதடுகள் பாலினால் ஒட்டிக்கொள்ளும். யானை இலத்தி புதிதாய்க் கிடக்கக் கண்டால் பேச்சை நிறுத்தி, கூட்டமாய் நடப்போம். சென்ற முறை எம்முடன் பிரான்சு நாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவரும் வந்தார். அந்நாட்டுச் சிற்றூர்களில் இடைக்காலத்துத் தேவாலயங்களையும் கோட்டைகளையும் இணைக்கும் நடைபாதைகள் உளவாம். மரங்களிலும் கற்களிலும் வெள்ளையும் சிவப்புமாய் இரு கோடுகள் தீட்டி வழி காட்டுவராம். 1947இல் தொடங்கிய ஏற்பாடு என்றார். “நாங்கள் இஞ்ச ஆனை இலத்தியைப் பார்த்துத்தான் வழி பிடிக்கிறம்” என அவர் நகைத்தபோது, எங்களுக்கும் நகைப்பு அடங்கவில்லை. ஆயினும், அவர் சொன்ன கோடுகள் நம் காட்டிலும் ஒரு நாள் தீட்டப்படவேண்டும் என்னும் ஆசை எனக்கு உண்டு.

விகாரையின் படிமமனையிலே சுண்ணக்கல்லால் ஆன புத்தர் நின்ற கோலத்தில் உள்ளார். அம்மனையின் அடித்தள வேலைப்பாடு சோழநாட்டுக் கோயில்களின் பாணியைச் சார்ந்தது. அயலிலே கற்களில் தமிழ்ச் சாசனங்கள். தொல்பொருளியல் அகழ்வுகளில் வெளிப்பட்ட இவற்றிலிருந்து, இராசராசன், இராசேந்திரன் காலங்களில் இவ்விகாரை இராசராசப் பெரும்பள்ளி எனவும் வழங்கியதை அறிகின்றோம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய அதே சோழப் பேரரசன் பெயர்தான் ஈண்டும் விளங்குகின்றது. விளக்கெரிக்கப் பசுக்களை அளித்தோர் தமிழர். அதனைத் தமிழிலேயே எழுதிவைத்தனர். பெற்றதோ புத்தர் பள்ளி. பசுவுக்கும் விளக்குக்கும் தொடர்பு யாதெனின், மந்தையை ஏற்றோர் நெய் அளக்கக் கடமைப்பட்டோராவர். இறக்கும் பசுவுக்கு ஈடாகக் கன்று வளர்ந்து நிற்குமாதலால் மந்தை குறையாது, விளக்கும் அணையாது. வங்கியில் முதலிட்டு வட்டியில் தருமஞ் செய்வது போன்ற ஏற்பாடு என்று கூறின் இக்காலப் பிள்ளைகட்கு விளங்குகின்றது.

மாணவரைக் கல்லின்முன் அமர்த்தி, முதலில் யான் ஒன்றும் சொல்வதில்லை. சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்புதல் கூடாது. அது கல்லைக் கெடுக்கும். சிறு கண்ணாடி ஒன்றினால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது; எகர ஏகார வேறுபாடும் காட்டப்படாது; இவ்விரண்டையும் நினைவிற் கொண்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சில சொற்களைக் கூட்டி வாசிக்கலாம். முழு வாசகத்துக்குப் பேராசிரியர் சி. பத்மநாதன் அவர்களின் ‘இலங்கைத் தமிழ்ச் சாசனங்கள்’ நூலைப் பின்னர் வகுப்பில் விரிப்பேன்.

சென்ற முறை நிகழ்ந்தது இது. ஒரு மாணவன், கன்னியாவில் வாய் மூடியவன், ‘பள்ளி’ என்னும் சொல்லை எழுத்தெழுத்தாய்க் கூட்டிவிட்டு நிமிர்ந்து, “சேர், இது எங்கட எழுத்து. ஆனால் கோயில் அவையின்ர. அப்ப இது ஆற்றை?” என்று கேட்டான். அவன் குரலில் ஐயத்தைவிடக் கலக்கமே மிகுந்திருந்தது. அயலிலே விளக்குத் திரி முறுக்கிக்கொண்டிருந்த முதிய சிங்களவர் ஒருவர், எங்கள் பேச்சை ஓரளவு விளங்கிக்கொண்டவராய், அதில் என்ன எழுதியிருக்கிறது என உடைந்த தமிழில் வினவினார். நெடுநாள் அங்கு வந்துபோயும் தமக்கு யாரும் வாசித்துக் காட்டியதில்லையாம். யான் மாணவனை நோக்கினேன். “ஐயா, உங்கட விளக்குக்குப் பசு தந்த கணக்கு” என்றான் அவன். முதியவர் திரியை மடியில் வைத்துவிட்டு, “எத்தனை பசு?” என்றார்.

பையன் மீண்டும் கல்லின்முன் குனிந்தான். கண்ணாடியைத் திருப்பிப் பிடிக்கும்படி என்னிடம் கேட்டான். எண் தேய்ந்திருந்த இடத்தில் வெயில் விழ, இருவரும் தலைக்குத் தலை முட்ட நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தனர். கட்டுச்சோறு அவிழ்க்கப்படாமலே கிடந்தது.