மருமகனுக்கு ஒரு துவக்கு

படித்தவர் என்ற பெயரை எடுத்துவிட்டால் கிராமத்திலே அதனால் வரும் தொல்லைகள் பல. கல்லூரியில் நாம் கற்பிப்பது என்னவோ தமிழும் வரலாறுந்தான். ஆயினும் மாட்டுக்கு வந்த நோய்க்கும் காணி உறுதியிலுள்ள எழுத்துப் பிழைக்கும் எம்மிடமே ஆலோசனை கேட்க வருவார்கள். சென்ற தை மாதத்தில், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, எம் தங்கையின் கணவர் வந்து கேட்ட கேள்வி இவை எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது.

“மச்சான், பெடியனுக்குப் பதினாறாகுது. துவக்குப் பழக்கலாமெண்டு நினைக்கிறன். விலை அதிகமில்லாம, தோளில உதைக்காம, பன்றியையும் விழுத்தக்கூடிய சாமான் ஏதும் இருக்கா?”

அவர்மீது நாம் குற்றம் சொல்லவில்லை. சொறிக்கல்முனையைச் சூழ்ந்த வட்டைகளிலே பெரும்போக வேளாண்மை பால்பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவு இறங்கினால் போதும். ஆறு மாத உழைப்பு சேறாகிவிடும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பகுதிக்கு நீரைத் தந்தது. காட்டையும் வயலையும் அடுத்தடுத்து நிறுத்தியது. அன்றிலிருந்து உழவனுக்குக் காவல் ஓய்ந்த பாடில்லை. தகரமடித்தும், தீ மூட்டியும், யானைவெடி கொளுத்தியும் கண்விழித்த மனிதர் ஒருவர், மகன் கையில் ஒரு துவக்கிருந்தால் தாம் சற்றுக் கண்ணயரலாமே என்று எண்ணுவது இயல்பே.

அருகில் நின்ற மருமகனும் ஆயத்தமாகவே வந்திருந்தான். “ஜிம் கோர்பெட் எட்டு வயசிலேயே துவக்குப் பிடிச்சவராம், மாமா!” என்றான். உண்மைதான். 1875இல் நைனித்தாலிலே பிறந்த கோர்பெட்டுக்குச் சிறுவயதிற் கிடைத்த முதல் துவக்கு, வலக்குழல் பிளந்துபோன பழைய இரட்டைக்குழல் இடியன். பிறகு பயிற்சிப் படையில் மாணவனாயிருந்த காலத்தில் .450 மார்ட்டினி றைபிள் ஒன்று இரவலாய் வந்தது. அது உதைக்குப் பெயர்போனது. 1953இல் வெளிவந்த ‘ஜங்கிள் லோர்’ என்னும் நூலிலே இவற்றை அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கோர்பெட்டே பிற்காலத்தில் துவக்கினும் ஒளிப்படக் கருவியையே பெரிதும் விரும்பினார் என்பதை மருமகனுக்கு நினைவூட்டினோம். அவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

தெரியாத பொருளில் தீர்ப்புச் சொல்லலாகாது. ஆகவே ஒரு வாரம் தவணை கேட்டு, நூல்களைப் புரட்டியும் அனுபவசாலிகளை விசாரித்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறோம். இதே கேள்வியோடு இன்னும் பல பெற்றோர் இருக்கக்கூடும்.

முதலில் உதை. முன்னே பாயும் சன்னத்துக்கு ஈடாகத் துவக்கும் பின்னே தள்ளப்படும். நியூட்டன் மூன்றாம் விதியை மாணவர் அறிவர். எம் உழவரிடமுள்ள 12 போர்த் துவக்கு ஏறக்குறைய 3 கிலோ எடையுள்ளது. அது 32 கிராம் சன்னத்தை வினாடிக்கு 370 மீற்றர் வேகத்தில் எறியுமானால், துவக்கு வினாடிக்கு 4 மீற்றர் வேகத்தில் தோளிலே மோதும். .22 றைபிளின் சன்னமோ 2.6 கிராம் மாத்திரமே. அதன் உதை வினாடிக்கு அரை மீற்றர் வேகத்தையும் எட்டாது. சிறுவனும் அதைப் பொருட்படுத்தான்.

‘12 போர்’ என்பதன் பொருளையும் சொல்லிவிடுவோம். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓருண்டை சரியாக நுழையும் குழல் 12 போர். இருபதாக்கினால் 20 போர். ஆகவே எண் பெரிதானால் குழல் சிறுக்கும், உதையும் பொதுவாகக் குறையும். .410 என்பது மட்டும் அங்குலக் கணக்கு. இவற்றுள் மிக மெலியது அதுவே.

இங்கே பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. பையன் சிறியவன் என்று எடை குறைந்த துவக்கைத் தேடுவர். தோட்டா ஒன்றாகவே இருக்கத் துவக்கின் எடை குறைந்தால் உதை கூடுமேயன்றிக் குறையாது. உதையைத் தணிப்பவை பாரம் குறைந்த தோட்டாவும், கைந்நீளத்துக்குப் பொருந்திய கட்டையும், அதன் அடியிற் பதித்த றப்பரும், தோளில் இறுக அணைக்கும் பழக்கமுமே.

இவ்வளவும் அறிந்தபின் கேள்வி எளிதாகிவிட்டது என்று எண்ணினோம். உண்மையில் அப்பொழுதுதான் கடினமாயிற்று. பையனின் தோளுக்கு இதமான .22 பன்றிக்குப் போதாது. விலங்கு விழாமற் காயத்தோடு ஓடும். பற்றைக்குள்ளே நாட்கணக்கிற் கிடந்து துன்புற்றுச் சாகும். காயம்பட்ட பன்றியோ மனிதனுக்கும் எமன். அன்றியும் எம் வட்டை தட்டையான வெளி. தவறிய குண்டைத் தாங்க ஒரு மேடுமில்லை. சின்னஞ்சிறிய .22 குண்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் செல்லவல்லது. அதற்குள்ளே எத்தனை பரண்கள், எத்தனை மனிதர்! சிறு சன்னம் சில நூறு மீற்றரில் வலுவிழந்து விழுந்துவிடும். வயற்காவலுக்குச் சன்னத் துவக்கே ஏற்றதென்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1955இல் வந்த .243 றைபிளை, உதை குறைந்ததென்று மேல்நாடுகளில் இளைஞர் கையில் மான் வேட்டைக்குக் கொடுப்பர். அது குண்டைத் தாங்க மலைச்சரிவும் காவலுக்குச் சட்டமும் உள்ள இடத்துப் பேச்சு. தோளுக்கு ஏற்றது பன்றிக்கு ஆகாது. பன்றிக்கு ஏற்றது பையனுக்கு ஆகாது. கடையிலே தீராத சிக்கல் இது.

சட்டமும் ஒன்றுண்டு. 1916ஆம் ஆண்டில் வந்த சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பது குற்றம். அப்பத்திரம் ஆளின் பெயருக்கு, குடும்பத்துக்கன்று. பள்ளி மாணவனுக்கு அதில் இடமில்லை. தந்தையின் துவக்கை இரவிலே மகனிடம் கொடுத்துவிட்டு உறங்குவதும் சட்டத்துக்கு உகந்ததன்று. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானையையும் மானையும் மயிலையும் காக்கிறது, காட்டுப்பன்றிக்கு அப்பாதுகாப்பில்லை. ஆனால் பன்றியென்று நினைத்துச் சுட்டது மானாயிருந்தால், சட்டம் நினைப்பைக் கேட்பதில்லை.

அடுத்த ஞாயிறு மைத்துனரிடம் இவற்றையெல்லாம் வரிசையாக எடுத்துரைத்தோம். மருமகனின் முகம் வாடிற்று. “மாமா சொல்றதெல்லாம் புத்தகத்தில உள்ளது. வயலுக்குள்ள நிண்டு பார்த்தாத்தான் தெரியும்,” என்றான். எமக்குச் சுருக்கென்றது, அவன் சொன்னதிற் பொய்யில்லை. அப்பொழுது, திண்ணையிலே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த எம் தந்தையார் உரலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். எழுபத்தைந்தைத் தொட்டவர், அதிகம் பேசாதவர்.

“இஞ்ச வா மனே,” என்று பேரனை அழைத்துப் பக்கத்தில் இருத்தினார். கீழுதட்டிலுள்ள வடுவைக் காட்டினார். மாடு முட்டியதென்று எமக்கெல்லாம் சொல்லப்பட்ட வடு அது. “இது மாடு இடிச்சதில்ல. துவக்கு இடிச்சது,” என்றார்.

நாற்பது வயதைக் கடந்த நாமும் அன்றுதான் அக்கதையை முதன்முறையாகக் கேட்டோம்.

1966ஆம் ஆண்டு. தந்தையாருக்குப் பதினைந்து வயது. பாட்டனாருக்குக் காய்ச்சல், பரணிலே காவலுக்குத் தனியே போனவர் வீட்டிலிருந்த ஒற்றைக்குழல் 12 போரையும் கொண்டுபோனார். முன்பு ஒரேயொரு முறை, விளையாட்டாய், அதை வெடிக்க வைத்துத் தோள் கன்றி ஒரு வாரம் துன்பப்பட்டவர். நள்ளிரவில் வக்கடைப் பக்கம் நீர் சலசலத்தது. கருப்பாய் ஏதோ குனிந்து நிமிர்ந்தது. துவக்கைத் தூக்கினார். விசையைத் தொடுமுன்னரே, பழைய உதையின் நினைவில் கண் தானாக மூடிக்கொண்டது, உடல் பின்வாங்கிற்று, குழல் மேலேறிற்று. வெடி தீர்ந்தது. தோளிற் சரியாகப் பதியாத கட்டை உதட்டைப் பிளந்தது.

இருளிலிருந்து “யா அல்லாஹ்!” என்றொரு குரல் எழுந்தது.

அடுத்த வயலுக்குச் சொந்தக்காரரான சம்மாந்துறைக் காக்கா ஒருவர் வக்கடையைத் திறந்துவிட வந்திருந்தார். சன்னமெல்லாம் அவர் தலைக்குமேலே போயிற்று. ஓடிவந்தவர், இரத்தம் வழியும் வாயோடு நடுங்கி நின்ற பையனைப் பார்த்தார். அடிக்கவில்லை, ஏசவுமில்லை. துவக்கை வாங்கி வெற்றுத் தோட்டாவை எடுத்தெறிந்தார். சால்வையால் உதட்டைக் கட்டி, வீடுவரை கூட்டிவந்தார். “பெடியன் பரணால விழுந்துட்டான்,” என்று பாட்டனாரிடம் தாமே சொல்லிவிட்டுப் போனார்.

“அடுத்த நாள் வயலுக்குள்ள வெச்சு ஒண்டுதான் சொன்னார்: ‘தம்பி, வெடிவெக்கப் பழக முன்னம் ஆரெண்டு பார்க்கப் பழகு.’ மெளத்தாகும் வரைக்கும் ஒருத்தருக்கும் அவர் சொல்லல்ல. நானும் சொல்லல்ல,” என்றார் தந்தையார்.

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. தூரத்தே திருச்சிலுவைத் திருத்தலத்தின் மணியோசை கேட்டது.

எம் மனத்திலே அப்பொழுது ஓடியதை வாசகரிடம் மறைக்கவேண்டுவதில்லை. தமிழரும் முஸ்லிம்களும் வரப்புக்கு வரப்புச் சேர்ந்து வேளாண்மை செய்யும் பூமி இது. அந்த வெடி 1966இல் தவறியது. மனிதர்மேல் மனிதருக்கு நம்பிக்கையற்றுப்போன 1990இல் அதே வெடி பட்டிருந்தால், கைத்தவறென்று யார் நம்பியிருப்பர்? ஒரு சிறுவனின் பிழை இரண்டு ஊர்களின் பகையாகியிருக்கும். போர்க்காலத்திலே அந்தத் துவக்கும் வீட்டைவிட்டுப் போயிற்று. கொண்டுபோனவர் யாரென்பது இங்கே வேண்டாத கதை. தந்தையார் அதைத் தேடவுமில்லை.

“அப்ப உதைச்சதால்தானே காக்கா தப்பினார், அம்மப்பா?” என்று மெதுவாகக் கேட்டான் மருமகன். புத்திசாலியான கேள்வி. தந்தையார் சிரித்தார். “அண்டைக்குக் கண் மூடினதால மேல போச்சு. இன்னொரு நாள் கண் மூடினா எங்க போகும்?”

உதையைப் பற்றி நாம் ஒரு வாரம் படித்ததன் சாரம் அந்தக் கேள்வியில் இருந்தது. தொடக்கத்திலேயே கடுமையாக உதைக்கும் துவக்கைப் பிடித்தவன் சுடுவதற்கன்று, கண்ணை மூடுவதற்கே பழகுகிறான். அந்தப் பழக்கம் எளிதில் நீங்காது. ஆகவே முதல் துவக்கு உதை குறைந்ததாயிருக்க வேண்டுமென்று மைத்துனர் விரும்பியது மிகச் சரி. அந்த முதல் துவக்கு வயலுக்கு உரியதென்று எண்ணியதே பிழை.

மேல்நாட்டாரும் இதைப் பட்டே அறிந்தனர். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் 1949இலேயே இளையோர் வேட்டை உரிமம் பெறுமுன் பாதுகாப்புப் பயிற்சி பெறவேண்டுமென்று விதித்தது. எம் பையன்களுக்கும் கண்ணும் கையும் பழக ஒரு வழியுண்டு. காற்றின் விசையால் 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டை எறியும் போட்டி றைபிளில் உதை இல்லையென்றே சொல்லலாம். 10 மீற்றர் தூரத்தில் வைத்த அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் அகலமே. அதைத் தொட மூச்சையும் மனத்தையும் அடக்கவேண்டும். 1984 முதல் ஒலிம்பிக்கிலும் உள்ள போட்டி இது. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைப் பெண்ணான தெஹானி எகொடவெல இதிற் பங்குபற்றினார். பயிற்றுநரின் மேற்பார்வையிற் கற்கும் இடத்திலே துவக்கை விலைக்கு வாங்கவும் வேண்டுவதில்லை. மைத்துனர் கேட்ட சிக்கனமும் அதிலேயே அடங்கிவிடுகிறது. தனியே காற்றுத் துவக்கு வாங்க எண்ணுவோர் சட்டம் இடந்தருமா என்று பொலிஸ் நிலையத்தில் முதலிற் கேட்டறிவதே முறை.

சுடுகலனைத் தொடும் எவனும் மனனஞ் செய்யவேண்டிய விதிகள் நான்கு. வெறுந்துவக்கையும் தோட்டா உள்ளதாகவே கருது. சுடக்கூடாததை நோக்கிக் குழலைத் திருப்பாதே. குறி உறுதியாகும்வரை விசையில் விரல் வையாதே. குறி இன்னதென்றும் அதற்கப்பால் உள்ளது இன்னதென்றும் அறியாமற் சுடாதே. நான்காவது விதியைச் சம்மாந்துறைக் காக்கா நூலெதுவும் படியாமலே சொல்லிவிட்டார்.

முடிவு இதுதான். மைத்துனர் தம் பெயரிலே அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்துள்ளார். கிடைக்கும்வரை தகரமும் வெளிச்சமும் காவல் காக்கும். மருமகன் துவக்கின்றி, கைவிளக்கோடு தந்தைக்குத் துணையாகப் பரணுக்குப் போகிறான். சுடும் பயிற்சிக்கு நல்ல இடமொன்றை நாமும் விசாரித்துவருகிறோம்.

சென்ற வாரம் அவனோடு நாமும் ஓரிரவு பரணில் இருந்தோம். நடுச்சாமத்தில் வரப்போரம் சரசரப்புக் கேட்டது. எம் கை பதறிற்று. அவன் விளக்கை உடனே அடிக்கவில்லை. “ஆரது?” என்று முதலிற் குரல் கொடுத்தான். பதிலில்லை. மீண்டும் கேட்டான். அதன்பின்பே விளக்கை அடித்தான். கட்டறுத்து வந்த கன்றுக்குட்டியொன்று ஒளியைப் பார்த்துத் திகைத்து நின்றது.

“பக்கத்து வயல்க் காக்காட கண்டு, மாமா,” என்று சொல்லி இறங்கிப்போய், அதைப் பிடித்துப் பரண்காலில் கட்டினான்.