மேசைக்கு மேலே இருந்தவர்கள்

வாஸர் தெருவில் ஸ்டாட்டா சென்டருக்கு முன்னால் நின்றால், கட்டடம் சரிகிறதோ என்றுதான் முதலில் தோன்றும். ஃபிராங்க் கெரி வடிவமைத்து 2004-ல் திறக்கப்பட்டது. சுவர்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. சுற்றுலா வந்தவர்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்தது அந்தக் கட்டடத்துக்காக அல்ல, அது நிற்கும் மனைக்காக. பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில், எம்.ஐ.டி.யின் 20-ஆம் எண் கட்டடம் 1998 வரை இங்கேதான் இருந்தது.

1943-ல் போர்க்கால அவசரத்தில் மரத்தால் எழுப்பினார்கள். உள்ளே ரேடார் ஆராய்ச்சி நடந்தது. போர் முடிந்ததும் பிரித்துவிடுவதாகத்தான் பேச்சு. தற்காலிகம் என்று கட்டியது எதுவும் லேசில் இடிபடாது என்பது நம்மூர் அரசு அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்; இது 55 ஆண்டு நின்றது. சுவரில் ஓட்டை போடவும் கம்பி இழுக்கவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத கட்டடம் அது. அதில் 20இ-214 என்ற அறை 1948 வாக்கில் மாதிரி ரயில் ஓட்டும் மாணவர்களுக்குக் கிடைத்தது.

டெக் மாடல் ரெயில்ரோடு கிளப். 1946 நவம்பரில் ஜான் ஃபிட்ஸாலன் மூர், வால்ட்டர் மார்வின் என்ற இருவர் முதல் கூட்டத்தைக் கூட்டினார்கள். உறுப்பினர் அட்டைகளின் எண்கள் 0, 1. பொறியியல் படிக்கிற பையன்கள், எண்ணிக்கையைப் பூஜ்யத்தில்தான் தொடங்குவார்கள்!

பழைய அறையில் எதுவும் மிச்சமில்லை, அறையே இல்லை. கிளப் இடம்பெயர்ந்த என்52 கட்டடத்தைத் தேடி மாசசூசெட்ஸ் அவென்யூ பக்கம் நடந்தேன். வாஸர் தெருவுக்கு இணையாக, வளாகத்தின் முதுகை ஒட்டி, ஒரு நிஜத் தண்டவாளம் ஓடுகிறது. கிராண்ட் ஜங்ஷன் என்று பெயர். பயணிகளை ஏற்றும் வண்டி இதில் கிடையாது; பாஸ்டனின் வடக்கு, தெற்குப் புறநகர்ப் பாதைகளுக்கிடையே இன்ஜினையும் பெட்டியையும் மாற்றிக்கொள்ளத்தான் முக்கியமாகப் பயன்படுகிறது. ஸ்டாட்டாவுக்கு எதிரே மூளை ஆராய்ச்சிக் கட்டடத்தை இந்தப் பாதையின் மேலேயே கட்டியிருக்கிறார்கள். ரயில் அதன் வயிற்றுக்குள் புகுந்து வெளியேறுகிறது. அவென்யூவில் லெவல் கிராசிங்கைத் தாண்டினால் சற்றுத் தொலைவில் 265-ஆம் எண்ணில் என்52.

எம்.ஐ.டி. அருங்காட்சியகமும் முன்பு இதே கட்டடத்தில்தான் இருந்தது. 2022-ல் அது கெண்டல் சதுக்கத்துக்குப் போய்விட்டது. கிளப் அறை பூட்டியிருந்தது. ஆனால் நடைபாதைச் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. அதற்குள்ளே 1950-களின் அமெரிக்கா, 87-ல் ஒரு பங்காகச் சுருங்கிக் கிடக்கிறது. நீராவி இன்ஜினும் டீசல் இன்ஜினும் ஒரே பாதையில் ஓடிய காலம் என்பதால்தான் அந்தப் பத்தாண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நடுவே எம்.ஐ.டி.யின் கிரீன் பில்டிங் கட்டடத்தின் மாதிரி. ஒவ்வொரு ஜன்னலிலும் சிறு விளக்கு. வெளியே இருக்கும் பொத்தானை அழுத்தினால் அந்த விளக்குகளில் டெட்ரிஸ் ஆடலாம். எனக்கு முன்னால் வந்த இருவர் அதைத்தான் ஆடினார்கள். ரயிலை அவர்கள் பார்க்கவேயில்லை.

இந்தக் கிளப்பின் கதையே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய அறையில் உறுப்பினர்கள் இரண்டு கூட்டமாக இருந்தார்கள். ஒரு கூட்டம் ரயில் ஓடும் மேசைக்கு மேலே: பெட்டிகளுக்கு வண்ணம் பூசுவது, மலை, வீடு, மரம் செய்வது, டைம்டேபிள் போட்டு வண்டி விடுவது. இன்னொரு கூட்டம் மேசைக்குக் கீழே: ‘சிக்னல் மற்றும் மின்சாரத் துணைக்குழு’. கீழே இருந்தவை கம்பிகள், ரிலேக்கள், கிராஸ்பார் சுவிட்சுகள். பெரும்பாலும் தொலைபேசிக் கருவிகள் செய்த நிறுவனமான வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கல்லூரிகளுக்கு அன்பளிப்பாகத் தந்த சாமான்கள். கிளப்பின் ஆலோசகரான பேராசிரியரே வளாகத்தின் தொலைபேசி அமைப்பையும் கவனித்துவந்ததால் வாங்கிக்கொடுப்பது எளிதாயிற்று.

இந்தச் சாமான்களால் என்ன செய்தார்கள் என்பதுதான் விசேஷம். சாதாரண மாதிரி ரயிலில் தண்டவாளம் முழுவதற்கும் ஒரே மின்சாரம். திருகைத் திருப்பினால் எல்லா வண்டியும் சேர்ந்து ஓடும், சேர்ந்து நிற்கும். இவர்கள் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். எந்தத் துண்டு தனக்கு வேண்டும் என்று ஓட்டுபவர் தொலைபேசி டயலைச் சுழற்றிச் சொல்வார். ரிலேக்கள் அந்தத் துண்டை அவர் கைக்கு மாற்றிக்கொடுக்கும். பழைய டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஒருவர் பேச்சு இன்னொருவருடையதோடு கலக்காமல் பிளக்கை மாற்றிச் செருகுவார்களே, அந்த வேலையை இங்கே ஆளில்லாமல் செய்தார்கள். பாயிண்ட்டைத் தானே மாற்றி, வண்டிக்கு முன்னால் பாதையைத் திறந்துகொண்டே போகும் தானியங்கி அமைப்பு 1950-களின் நடுவிலேயே வந்துவிட்டது. 1962-ல் சுமார் 1,200 ரிலேக்கள். வண்டி எதிலாவது மோதப் போகிறதென்றால் யாராவது அவசரப் பொத்தானைத் தட்டுவார்கள். எல்லாம் நிற்கும், ரிலேயால் ஓடிய கடிகாரத்தில் மணிக்குப் பதில் ‘ஃபூ’ என்று எழுத்து வரும். 40 மணி நேரம் வேலை செய்தால்தான் அறைச் சாவி கிடைக்கும் என்பது விதி. சந்தா கட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பவர்களுக்கு நல்ல மருந்து.

மேசைக்குக் கீழே இருந்தவர்கள் அதோடு நிற்கவில்லை. ஐ.பி.எம். 704 கணினியை அவர்களால் நெருங்க முடியவில்லை; துளையட்டையை ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. முன்னாள் உறுப்பினரும் பின்னாளில் பேராசிரியருமான ஜாக் டென்னிஸ் டிஎக்ஸ்-0 என்ற டிரான்சிஸ்டர் கணினியை அவர்களுக்கு அறிமுகப்படுத்தியதும் இரவெல்லாம் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். பிறகு பிடிபி-1 கணினி வந்தது. அதில் ஸ்டீவ் ரஸ்ஸல் முன்னின்று எழுதி, நண்பர்கள் மெருகேற்றிய ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டு 1962-ல் ஓடியது. அதை ஆட ஆலன் கோட்டோக்கும் பாப் சாண்டர்ஸும் செய்த கைப்பிடிகளுக்கு உதிரிப்பாகம் ரயில் கிளப்பிலிருந்துதான் போனது. ஸ்டீவன் லெவி 1984-ல் எழுதிய ‘ஹேக்கர்ஸ்’ புத்தகம் இந்தக் கிளப்பிலிருந்தே தொடங்குகிறது. கணினி வரலாறு எழுதுபவர்கள் இந்தக் கிளப்பைத் தவறவிடுவதில்லை.

தவறவிட்டது மேலே இருந்தவர்களை. லெவியும் அவர்களைக் கத்தியும் வண்ணத் தூரிகையும் பிடித்த கூட்டம் என்று சில வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகிறார். அவர்கள் போட்ட பாதை இல்லாவிட்டால் 1,200 ரிலேக்களுக்கும் வேலையே இல்லை. 20-ஆம் கட்டடம் இடிபடுமுன் இடம் மாறியபோது அவர்களுடைய மலைகளையும் ஊர்களையும் பெரும்பகுதி அப்படியே தூக்கிவர முடியவில்லை. இங்கே ஜன்னலுக்குள் தெரிவது பெரும்பாலும் புதிதாகக் கட்டியது. மின்சுற்றை வரைபடத்தில் காப்பாற்றலாம், செய்முறையை எழுதிவைக்கலாம். அட்டையால் செய்த ஊரை இடித்தால் இடித்ததுதான். ரிலேக்கள் போய் மைக்ரோ கன்ட்ரோலர் வந்துவிட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஊர் செய்தவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதாததில் உண்டு.

கேம்பிரிட்ஜ் பக்கம் போகிறவர்கள் என்52-க்குள் ஒரு நடை போய் வாருங்கள். அறை பூட்டியிருந்தாலும் ஜன்னல் வழியே பார்க்கலாம். டெட்ரிஸ் பொத்தானைக் கொஞ்சம் பொறுத்து அழுத்துங்கள். முதலில் தண்டவாளத்தையும் அதை ஒட்டிய வீடுகளையும் பாருங்கள்.