ஆள் தேவை

ஒன்ராறியோவில் கட்டட வேலைக்கு ஆட்கள் போதாது என்ற பேச்சு ஓய்வதில்லை. கட்டட நிறுவனங்களின் சங்கங்கள் அறிக்கை விடுகின்றன. அமைச்சர்கள் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு படம் எடுக்கிறார்கள். கணக்கில் பொய் இல்லை. இப்போது தொழிலில் இருப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பத்து ஆண்டுகளுக்குள் ஓய்வுபெற்றுவிடுவார் என்பது இத்துறையை ஆராயும் பில்ட்ஃபோர்ஸ் கனடா என்ற அமைப்பின் கணிப்பு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த இத்தாலியரும் அவர்களைத் தொடர்ந்து வந்த போர்த்துக்கேயரும் கட்டிய நகரம் ரொறன்ரோ. அவர்களின் பேரப்பிள்ளைகள் செங்கல் தூக்க வரவில்லை. எங்கள் பிள்ளைகளும் வரவில்லை.

எங்கள் பிள்ளைகள் வராததற்குக் காரணம் கேட்டால் படிப்பு என்போம். அது பாதி உண்மை. மிச்சப் பாதி ஊரிலிருந்து சூட்கேசில் கொண்டுவந்தது. மேசனுக்கு வளவுக்குள் எதுவரை வரலாம் என்று அளந்து வைத்திருந்த சமூகம் இது. கட்டட எந்திரியாக ஒரு மகன் வேண்டும், கட்டடத்தைக் கட்டுகிற மகன் வேண்டாம்.

ஆனால் மேசன்மாரும் எங்களோடு வந்தார்கள். தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் நிமிர்வைப் பார்க்கத் தெரிந்தவர்கள், சாந்தகப்பையைக் கையின் நீட்சியாக வைத்திருந்தவர்கள். கமுகமரத்தையும் தும்புக்கயிற்றையும் கொண்டு சாரம் கட்டி இரண்டு மாடி எழுப்பியவர்கள். ஸ்காபரோவில் அவர்களிற் பலர் கோப்பை கழுவினார்கள், பக்ரறியில் பெட்டி மடித்தார்கள். தொழிற்சங்கத்தின் கதவு மாமன் மச்சான் வழியாகத்தான் திறந்தது. அந்த மாமன் இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்தவராக இருக்கவேண்டும். ஆகவே கட்டட வேலைக்குள் போன எம்மவர் பின்கதவால் போனார்கள். டிறைவோல் அடிப்பது, பெயின்ற் பூசுவது, கூரைக்குத் தகடு மாற்றுவது. கூட்டிப்போனவர் எங்கள் ஆள், சம்பளம் கையிலை காசு, சிட்டை இல்லை.

எங்களில் ஒருவர் 1994 இல் இரண்டாம் மாடியிலிருந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காரில் வைத்தே அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது: "வீட்டிலை ஏணியாலை விழுந்ததெண்டு சொல்லும் அண்ணை. உமக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது." அவர் அப்படியே சொன்னார். முதலாளி பதிவு செய்யாவிட்டாலும் காயப்பட்ட தொழிலாளி நட்டஈட்டுச் சபையிடம் கோரலாம் என்பது அந்தக் காரில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் அவரும் சொல்லியிருக்கமாட்டார்.

இந்த நகரத்தில் இது பழைய கதை. 1960 மார்ச் 17 அன்று யங் வீதியும் யோர்க் மில்ஸும் சந்திக்கும் ஹொக்ஸ் ஹொலோ பள்ளத்தில், டொன் ஆற்றின் கீழே, குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய சுரங்கத்தில் தீப்பிடித்தது. நிலத்திலிருந்து ஏறக்குறைய 35 அடி ஆழம். ஐந்து இத்தாலியர் உள்ளே இறந்தார்கள். அவர்களிடம் கைவிளக்குக்கூட இல்லை, தீயணைக்கும் கருவியும் இல்லை. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் குடிவந்த கட்டடத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள், விசாரணை ஆணைக்குழு அமைந்தது, மாகாணத்தின் பாதுகாப்புச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. யோர்க் மில்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் அவர்களின் நினைவாகத் துணியில் தைத்த பெரிய சித்திரம் ஒன்று தொங்குகிறது. அதைக் கடந்து வேலைக்கு ஓடுகிறவர்களில் எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள்? நாங்களும் ரயிலுக்குப் பிந்திய ஒருநாள்தான் நின்று பார்த்தோம்.

ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 2009 டிசம்பர் 24. நத்தாருக்கு முதல்நாள். கிப்ளிங் அவனியூவில் ஓர் அடுக்குமாடியின் பல்கனிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்றாம் மாடி உயரத்தில், கயிற்றில் தொங்கும் மேடையில் ஆறுபேர். ஆளுக்கொரு உயிர்க்கயிறு இருக்கவேண்டும் என்பது விதி. அங்கே இருந்தவை இரண்டு. மேடை நடுவால் முறிந்தது. நான்குபேர் இறந்தார்கள், ஒருவர் படுகாயத்தோடு பிழைத்தார். ஒழுங்காகக் கயிற்றில் கொழுவியிருந்த ஒருவர் மட்டும் காயமின்றித் தொங்கினார். இறந்தவர்கள் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்கள். எங்களுக்கு அந்தச் செய்தி வேறுமாதிரிக் கேட்டது. மொழியை மாற்றிவிட்டால் அந்த மேடையில் நின்றது நாங்கள்.

நிறுவனத்துக்கு முதலில் இரண்டு லட்சம் டொலர் தண்டம். மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013 இல் அதை ஏழரை லட்சமாக உயர்த்தியது. வேலையை நடத்திய முகாமையாளருக்கு 2016 இல் மூன்றரை ஆண்டுச் சிறை. இப்படித் தண்டிக்க வழிசெய்த குற்றவியற் சட்டத் திருத்தம் 2004 இலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதுவும் நோவா ஸ்கோசியாவின் வெஸ்ட்றே சுரங்கத்தில் 1992 இல் 26 பேர் இறந்தபின் கிடைத்ததுதான். கிப்ளிங் விபத்துக்குப் பின் ரொனி டீன் தலைமையில் அமைந்த நிபுணர் குழு 2010 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அதன் விளைவாக, உயரத்தில் வேலை செய்யும் எல்லாக் கட்டடத் தொழிலாளருக்கும் 2015 ஏப்ரல் 1 முதல் பயிற்சி கட்டாயமானது. சான்றிதழ் மூன்று ஆண்டுக்குச் செல்லும்.

அந்த வகுப்புக்குப் போய்வந்த எங்களுக்கு ஒரு கணக்குத்தான் மறக்கமுடியாதது. ஹார்னெஸ் கட்டினால் போதும் என்று நினைத்திருந்தோம். கொழுவும் பட்டி ஆறடி. விழும்போது அதிர்வைத் தாங்கும் பகுதி பிரிந்து மூன்றரை அடிவரை நீளும். அதன்கீழே ஆளின் உயரம், அதற்கும் கீழே கொஞ்சம் இடைவெளி. எல்லாம் கூட்டினால் கொழுவிய இடத்திலிருந்து ஏறக்குறைய 18 அடி வேண்டும். இரண்டாம் மாடியில் நின்று காலடியில் கொழுவினால், பட்டி முழுதாக இழுபடும் முன்பே ஆள் நிலத்தில். எத்தனை வருடம் அப்படிக் கொழுவிக்கொண்டு, பாதுகாப்பாய் நிற்பதாக நினைத்து சிகரெட் பற்றவைத்திருக்கிறார்கள் எங்கள் ஆட்கள்! விழுந்து தொங்குகிறவனை எப்படி இறக்குவது என்பதும் வேலை தொடங்கமுன் எழுத்தில் இருக்கவேண்டும். பட்டியில் தொங்கினால் இரத்தம் காலில் தேங்கிவிடும். தீயணைப்புப் படை வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்கமுடியாது.

ஆட்பற்றாக்குறை அறிக்கைகளில் இதெல்லாம் 'சிறந்த நடைமுறை' என்ற தலைப்பின் கீழ் வருகிறது. பெண்களையும் வா வா என்று கூப்பிட்டார்கள். உடம்புக்கு அளவான பாதுகாப்புக் கவசம் கொடுக்கவேண்டும், பெரிய வேலைத்தலங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று விதி வந்ததோ 2023 ஜூலை 1 இல். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று பல ஆண்டு கத்தியபின்.

கடதாசி இல்லாத ஆட்களைப் பற்றிய பேச்சும் இப்படித்தான் மெல்ல நகர்கிறது. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வதிவிட அனுமதி இல்லாமல் கட்டட வேலை செய்வோருக்கு நிரந்தர வதிவிடம் கொடுக்கும் திட்டம் 2020 இல் 500 இடங்களோடு தொடங்கியது, 2023 இல் 1,000 ஆனது. 2025 மார்ச்சில் மத்திய அரசு 6,000 பேர்வரை என்று அறிவித்தது. கூரைகளில் நிற்பவர்களை எண்ணிப் பார்த்தவர்களுக்கு அந்த எண் சிரிப்பைத் தரும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன், வயது இருபத்திமூன்று. அகதிக் கோரிக்கை வைத்துவிட்டு வேலை அனுமதிக்குக் காத்திருந்தவன். கூரை வேலைக்குப் போனான். அங்கே கயிறு இருந்தது, கொழுவ இடம் இல்லை. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை ஒன்ராறியோவில் 1979 முதல் சட்டத்தில் உண்டு, கடதாசி இல்லாதவனுக்கும் அது உண்டு, மறுத்தவனைப் பழிவாங்கக்கூடாது என்றும் உண்டு என்று சொன்னோம். அவன் கேட்டான்: "மறுத்தா நாளைக்குக் கூப்பிடுவினமோ அண்ணை?"

கூப்பிடமாட்டார்கள். அதற்கு வேலைநீக்கம் என்று பெயரும் இல்லை. தொலைபேசி அடிக்காது, அவ்வளவுதான். அதையும் சொன்னோம். முறையிட்டால் தொழிலமைச்சின் பரிசோதகர் வருவார், ஆனால் காசுக்கு நின்றவன் தானும் அங்கே வேலை செய்தவன் என்று நிரூபிக்கவே அலையவேண்டிவரும். அடுத்தநாள் அவன் கூட்டிப்போனவரிடம், எங்கே கொழுவுவது என்று மட்டும் கேட்டிருக்கிறான். "பயந்த ஆக்களுக்கு இது சரிவராது தம்பி." அந்த வாரத்தோடு அழைப்பு நின்றது. இரண்டு மாதம் அவனுடைய அறை வாடகையை நாங்கள் நான்குபேர் பங்குபோட்டோம்.

அனுமதி வந்ததும் எங்களுக்குப் பழக்கமான போர்த்துக்கேய போர்மன் ஒருவரிடம் கூட்டிப்போனோம். பெயர் கேட்கமுன் உயர வேலைக்கான காட் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வா என்றார். வகுப்பு சனிக்கிழமை. ஏழு மாதம் கூரையில் நின்றவன் அன்றுதான் முதற்தடவை ஹார்னெஸை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தான். ஒரு தொடைப்பட்டி முறுகியிருந்தது. ஆசிரியர் அதைக் கழற்றித் திரும்பப் போடச் சொன்னார்.