புற்றுக்காளான்

ஐப்பசியில் ராத்திரி இடி இடித்து மழை கொட்டினால், அம்மாவைப் பெற்ற எங்கள் அமுச்சிக்கு விடியும்வரை இருப்புக் கொள்ளாது. ஆடுகளைப் பட்டியிலிருந்து அவிழ்த்துவிடும் முன் கொறங்காட்டுக்குப் போய்விட வேண்டும். ஆடு முந்திக்கொண்டால் காளான் மிஞ்சாது.

காங்கேயம் பக்கத்தில் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலத்துக்குத்தான் கொறங்காடு என்று பேர். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும், அங்கங்கே கறையான் புற்றும் இருக்கும். எந்தப் புற்றோரம் முளைக்கும் என்பது அமுச்சிக்கு மனப்பாடம். வருசா வருசம் அதே இடம்தான். "ஆருகிட்டயும் சொல்லீராத கண்ணு" என்பாள். பக்கத்துத் தோட்டத்து அத்தையும் அதே இடத்துக்குத்தான் வருவாள் என்பது வேறு விசயம்.

காளானைப் பிடுங்கக் கூடாது. சுற்றி மண்ணைப் பறித்து, கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். தண்டு வேர்போல் நீண்டு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும். அது போய்ச் சேருமிடம் கறையானின் தோட்டம். காய்ந்த இலையும் சுள்ளியும் தின்று வந்து, அந்தக் கழிவால் கறையான் அடை கட்டுகிறது. அதில் பூஞ்சையை வளர்த்து உண்கிறது. மழை பெய்ததும் அந்தப் பூஞ்சைதான் குடையாக வெளியே வருகிறது. ரோஜர் ஹெய்ம் என்ற பிரெஞ்சு அறிஞர் 1942இல் இந்தப் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசஸ் என்று பெயர் வைத்தார். சிப்பிக்காளானைப்போல வைக்கோலில் வளர்த்து விற்க இது வசப்படவில்லை. வெள்ளாமை கறையானுடையது, நமக்குக் கிடைப்பது அதன் மிச்சம்.

மொட்டாக இருப்பதுதான் ருசி. விரிந்தது மதியத்துக்குள் புழு வைத்துவிடும். மஞ்சள் கரைத்த தண்ணீரில் மண் போக அலசி, கத்தி படாமல் நார் நாராகக் கிழித்துப் போடுவாள். சின்ன வெங்காயம், வரமிளகாய், கொத்தமல்லி வறுத்து, தேங்காயோடு அம்மியில் அரைப்பாள். மண்சட்டியில் கடலெண்ணெய் காய்ந்ததும் காளானை வதக்கினால் அதுவே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் சுண்டுவதற்குள் தனியாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குச் சமைக்கத் தெரியாது என்பது அவள் தீர்ப்பு, என்னுடையதும். அரைத்ததைச் சேர்த்துக் கொதித்ததும், ராகிக் களியில் குழி பறித்து அந்தக் குழம்பை ஊற்றித் தின்போம். கோழிக்கறி மாதிரி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. மழை நனைந்த மண் வாசம் கோழிக்கு ஏது?

கொதிக்கும்போது ஒரு வெங்காயத்தைப் போட்டுப் பார்ப்பாள். கறுத்தால் விசமாம். அந்தச் சோதனை பொய். கொல்லும் காளானிலும் வெங்காயம் வெள்ளையாகவே இருக்கும், வெள்ளிக்காசும் கறுக்காது. எங்களைக் காப்பாற்றியது வெங்காயமல்ல. புற்றையும் அந்த நீளத் தண்டையும் அவள் கண் அறிந்திருந்ததுதான். வீட்டுப் புல்தரையில் மழைக்கு முளைக்கும் வெள்ளைக் குடைகளில் ஒருவகை, முற்றினால் குடைக்கு அடியிலுள்ள மடிப்பு பச்சையடிக்கும். அதைத் தின்றால் வாந்தியும் பேதியும்தான். படத்தைப் பார்த்து யாரும் காளான் பறிக்கப் போகாதீர்கள். அறிந்தவர் கூட வந்தால் மட்டும் போங்கள். தின்றபின் வயிறு புரட்டினால் மிச்சக் காளானோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.